மூன்று புள்ளி இரண்டு

வார்டோ தீவில் ஜனவரி.
பதினோரு மணிக்கு விடிவது போல் பாவனை காட்டிய வானம்
ஒரு மணிக்குள் அந்த எண்ணத்தைக் கைவிட்டுவிடுகிறது.
மீன் ஆலையின் சாப்பாட்டு அறையில்
பதினான்கு கேள்விகளோடு உட்கார்ந்திருக்கிறேன்.
ஒன்று என்றால் துளியும் இல்லை.
ஐந்து என்றால் முழுக்க முழுக்க.

'உங்கள் வேலை குறித்த முடிவுகளில்
உங்களுக்கு எவ்வளவு பங்கு?'

பங்கு என்ற சொல்லை வரையறுக்க
ட்ரோன்ஹெய்மின் கதகதப்பான அறையில்
எங்களுக்கு ஏழு வாரம் பிடித்தது.
தகவல் சொல்வது கீழ்ப்படி,
கருத்துக் கேட்பது அடுத்தது,
சேர்ந்து முடிவெடுப்பது உச்சி.
ஏணியை அழகாக வரைந்தோம்.
எந்தச் சுவரில் சாத்துவது என்று
யாரும் பேசவில்லை.

டைவா, லித்துவேனியாக்காரி, வந்து மூன்று வாரம்.
ஐந்து, ஐந்து, ஐந்து என்று
வட்டமிட்டுக்கொண்டே போனாள்.
நிறுத்தி ஏன் என்றேன்.
"இதுவரை எந்த வேலையிலும் எனக்குத் தாள் நீட்டியதில்லை.
பேனாகூட நீங்களே கொடுத்தீர்கள்."

மேற்பார்வையாளர் ஐவர் போட்டது நான்கு.
"என் கதவு எப்போதும் திறந்தே இருக்கும்."
இருந்தது.
தாழ்ப்பாள் உடைந்து
இரண்டு குளிர்காலம் ஆகிறதாம்.

யோருன், பாதுகாப்புப் பிரதிநிதி, பதினோரு வருடம்.
கூட்டக் குறிப்பேடுகளை முந்தின இரவே புரட்டியிருந்தேன்.
நாற்பத்தோரு இடத்தில் அவள் பெயர்.
வெட்டுமேசை நான்கு சென்டிமீட்டர் உயர்ந்தது அவளால்.
ஏழாம் வாசலில் ரப்பர் திரை தொங்குவது அவளால்.
அவள் போட்டது ஒன்று.
எல்லாவற்றுக்கும் ஒன்று.
தலைகீழாகப் புரிந்துகொண்டாளோ என்று
அளவுகோலை மறுபடி விளக்கினேன்.
"புரிகிறது, அம்மணி.
மீன் ஓடும் பெல்ட்டின் வேகத்தை யார் வைக்கிறார்கள்?
எங்களைக் கேட்டார்கள்.
போன மாதமும் கேட்டார்கள்.
அதற்கு முந்தின மாதமும்.
கேட்டார்கள், ஆனால் கேட்கவில்லை."

என் படிவத்தில்
இரண்டு கேட்டலுக்கும் ஒரே கட்டம்.

எதையும் கேட்டுப் பார்க்காதவளுக்கு ஐந்து.
கேட்டுக் கேட்டுத் தொண்டை தேய்ந்தவளுக்கு ஒன்று.
முட்டிப் பார்த்த நெற்றிக்குத்தானே தெரியும்
சுவர் எங்கே இருக்கிறதென்று.
கூட்டி வகுத்தால் மூன்று புள்ளி இரண்டு.
'ஓரளவு திருப்திகரம்' என்று
அதற்கொரு பெயரும் தயாராக வைத்திருக்கிறோம்.
அளந்தேனா, கதை அளந்தேனா.

மாலை ஷிஃப்டில்
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.
தலையில்லாத காட் மீன்கள் வந்துகொண்டே இருந்தன.
செலாம், எரித்திரியப் பெண், ஏழாம் மாதம்.
திங்கள்வரை வாசலோரம் நின்றவள்
இன்று தூணுக்கு அப்பால், காற்று எட்டாத இடத்தில்.
அவளிடம் போக வேண்டிய பெரிய மீன்களை
முன்னால் நிற்கும் இருவர்
பார்க்காமலே இழுத்துக்கொள்கிறார்கள்.
"யார் எடுத்த முடிவு?"
டைவா தோளைக் குலுக்கினாள்.
"யாரும் எடுக்கவில்லை. நகர்ந்து நின்றோம்."
எந்தக் குறிப்பேட்டிலும் இது இல்லை.
ஐவருக்குத் தெரியாது,
அல்லது தெரியாதவர் போல்
காபி ஊற்றிக்கொள்கிறார்.
எத்தனையாவது கேள்வியில் இதை எழுதுவேன்?

அன்றிரவு பதினைந்தாவது கேள்வி ஒன்று எழுதி அனுப்பினேன்:
'கடைசியாக எதற்கு உங்களிடம் முடியாது என்றார்கள்?'
காலையில் பதில் வந்துவிட்டது.
'அருமையான யோசனை. மிக்க நன்றி.
பதினான்கே இருக்கட்டும்.'

கப்பலுக்கு இன்னும் நாற்பது நிமிடம்.
பையில் ஒரு படிவம் மிச்சம், லேசாக மீன் வாடையோடு.
பெயர் எழுதத் தேவையில்லாத படிவம்.
முதல் கேள்விக்கு நான்கு என்று வட்டமிட்டேன்.
அடித்தேன்.
குளிரில் மை இறங்க மறுத்தது.
பேனா முனையை வாயருகே வைத்து
ஊதிக்கொண்டிருக்கிறேன்.